இல்லாத பிரேக்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே எப்படி என்று நான் கேட்க வேண்டியதில்லை. உன் மனைவி நன்றாக இருப்பாள், நீ நன்றாக இல்லை. அது தெரிந்துதான் பேனாவை எடுத்தேன்.

புது வருஷம் பிறந்ததிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. கடைசியில் உன் வீட்டு ரேடியோவைப் பிடித்தேன். (உன் மனைவிக்கு நான் வைத்த பெயர் அவளுக்கே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை.) ஒரு கேள்விதான் கேட்டேன். செய்தி, வானிலை, நேயர் விருப்பம் எல்லாம் ஒலிபரப்பாகிவிட்டது. அதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கார் ஓட்டச் சொல்லித்தரப் போவதை நீ நிறுத்திவிட்டாய். போர்த்திக்கொண்டு படுத்தே கிடக்கிறாய். டாக்டர் பார்த்துவிட்டு இது மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னால், "அவர் தூங்கறாருக்கா" என்கிறாள்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? சாப்பிட மாட்டாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு மாத்திரை தொண்டையில் நிற்கும். மனசு எப்படி இருக்கிறது? பாரமாகத்தான் இருக்கும்.

எங்கள் ரயில் நிலையத்தில் நான் உட்காரும், தொலைந்த பொருட்களுக்கான கவுண்டர் வழக்கம் போல நிரம்பி வழிகிறது. நேற்று ஒரு பல் செட்டு வந்து சேர்ந்தது. ரயிலில் யாரோ சிரித்துவிட்டு எடுத்துவைக்க மறந்திருக்கிறார்கள்.

உடனே பதில் போடு. போட மாட்டாய், இருந்தாலும் போடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறேன், தொண்டையில் நிற்பதில்லை. தூக்கம் வருகிறது. முதலாளியம்மா நல்ல மாதிரி. "மனசு சரியானதும் வா, அவசரமில்ல" என்று லீவு கொடுத்திருக்கிறார்.

போனில் பேட்டரி சரியில்லை. வேறொன்றும் இல்லை. நீ கிளம்பி வர வேண்டாம்.

பல் செட்டுக்காரர் வந்தாரா?

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். அத்தானுக்கு லேசான சளி, அதை அவர் பெரிய நோயாக நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் விளக்கெண்ணெயில் வெண்டைக்காய் வதக்கின கதைதான். எங்கே பிடித்தாலும் வழுக்குகிறது. தூக்கம் வருகிறது என்கிறாய், மனசைப் பற்றி ஒரு வரி இல்லை. பேட்டரி சரியில்லை என்றாயே, இத்துடன் புதுப் பேட்டரி ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கடைக்காரரிடம் உன் போன் மாடலைச் சொல்லிப் பொருத்தம் பார்த்து வாங்கியது. இனி அந்தச் சாக்கும் போயிற்று.

உனக்கு அப்படி என்னடா சோகம்? வேலை சலித்துவிட்டதா? வீட்டில் சண்டையா? சண்டை என்றால் நீ தோற்றிருப்பாய், அது உனக்குப் புதிதில்லையே. வயது நாற்பதைத் தாண்டுகிறது என்றா? எனக்கென்னவோ முடி கொட்டுவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. அப்பாவுக்கும் அப்படித்தான், அதற்காக அவர் படுத்துக்கொள்ளவில்லை.

பல் செட்டுக்காரர் வந்தார். வாயைப் பொத்திக்கொண்டே அடையாளம் சொன்னார். மாட்டிக் காட்டச் சொன்னேன். கச்சிதமாகப் பொருந்தியது.

டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்? விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் சளி இந்நேரம் விடைபெற்றிருக்கும் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. பேட்டரி வந்தது, மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சோகம் என்ன என்று கேட்டாய். நானும் படுத்துக்கொண்டு தேடித்தேடிப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், எனக்குச் சோகம் என்று எதுவும் அகப்படவில்லை. பல் செட்டைப் படித்துவிட்டுப் போர்வைக்குள் சிரித்தேன். வேலைக்குப் போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஷூ போட உட்கார்ந்தால் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மாத்திரையின் சூடாக இருக்கும். திரும்பப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

டாக்டரிடம் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் இவளே சொல்லிவிட்டாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் ஆயிற்றே. "சாப்பாடு எப்படி?" என்று அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "பாதித் தட்டு அப்படியே இருக்கு டாக்டர்" என்றாள். "தூக்கம்?" "புரண்டுக்கிட்டே இருக்காரு." "வெளியே போறது, நாலு பேரைப் பார்க்கறது?" "எல்லாம் விட்டுட்டாரு, சிரிச்சே மாசக்கணக்காச்சு." டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நான் வாயையே திறக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றபடி விசேஷம் இல்லை.

அன்புடன்,
தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் நலம் இருக்கட்டும், முதலில் இதற்குப் பதில் சொல். நீ வாயே திறக்கவில்லையா? அப்படியானால் டாக்டர் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்?

போன மாதம் ஒருவர் மனைவியின் கைப்பையைக் கேட்டு வந்தார். நீலப் பை, உள்ளே சீப்பும் கண்ணாடியும் என்று அடித்துச் சொன்னார். நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் அந்த அம்மாவே வந்தார். பை பச்சை. உள்ளே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கிய சாக்லேட் ஒரு டப்பா. பாவம், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்ததைச் சொன்னார். ரேடியோவும் அதைத்தான் செய்திருக்கிறாள். நீ படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். படுத்திருக்கும்போது உள்ளே என்ன ஓடுகிறது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

சோகம் இல்லை என்கிறாய், ஷூவைப் பார்த்தால் வியர்க்கிறது என்கிறாய். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் சோர்ந்து போனவனுக்கு ஷூ கனக்கும், வியர்க்குமா? டாக்டரிடம் மறுபடி போ. மாத்திரையை நீயாக நிறுத்தித் தொலைக்காதே. அக்கா சொன்னாள் என்று ஒன்றுகிடக்க ஒன்று செய்துவைத்தால் நானே வந்து உதைப்பேன்.

அத்தான் அடுத்த வாரம் வேலையாக அந்தப் பக்கம் வருகிறார். இரண்டு நாள் உன் வீட்டில்தான் தங்குவார். பூட்டு விற்பவர், எதையும் திறந்துவிடுவார், ஜாக்கிரதை.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வரவில்லை. பரவாயில்லை, அத்தான் வந்து சேர்ந்தார், நலமாக இருக்கிறார். உன் வீட்டில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறார்.

வந்ததும் வராததுமாக என்னை உட்காரவைத்து, "உன் தம்பி காலைப் பத்தித் தெரியுமா உனக்கு?" என்றார். நீ பேசவில்லையாம், உன் வலது கால்தான் பேசியதாம். ரேடியோ கொதிக்கும் பாத்திரத்தோடு வேகமாக வந்தால், மேசைக்கடியில் உன் கால் தரையை அழுத்துகிறதாம். டிவியில் கார் திரும்பினால் அழுத்துகிறதாம். அவரை டாக்ஸியில் வழியனுப்ப நீ தெருமுனை வரை வந்தாயே, அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பின்சீட்டில் மிதித்துக்கொண்டே வந்தாயாம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "சார், அங்க பிரேக் கிடையாது" என்றாராம். உன் நாற்காலிக்கு முன்னால் விரிப்பு ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்து நூல் நூலாக இருக்கிறதாம். இதைச் சொல்லிவிட்டு அத்தான் சொன்னார்: "சோகமா இருக்கறவன் கால் சும்மா கிடக்கும். இவன் எதையோ நிறுத்தப் பாக்கறான்."

எதைத் தம்பி நிறுத்தப் பார்க்கிறாய்?

வழக்கம் போலப் பதிலையும் நானே எழுதிவிட நினைத்தேன். எனக்கு நாலு பதில் தோன்றியது. எழுதவில்லை. தாளின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே. நீ விட்ட பாதித் தாள் எனக்குப் போதவில்லை, தனித் தாளில் எழுதுகிறேன்.

போன வருஷக் கடைசியில் நடந்தது. நடந்தது என்று சொல்வதே தப்பு, ஒன்றுமே நடக்கவில்லை. மாணவி ஒரு தையல்காரம்மா, நிதானமாகத்தான் ஓட்டினார். தெருவோரம் நின்ற இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் குழந்தை குறுக்கே ஓடியது. சொல்லித்தருகிறவனுக்கென்று என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் ஓடிப் போய்விட்டது. தையல்காரம்மா இன்ஜின் அணைந்தது தன் தப்பு என்று நினைத்து, "சாரி சார், கிளட்ச்சை விட்டுட்டேன்" என்றார். "பரவாயில்லம்மா" என்றேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அந்தத் தெருவில் என்னைத் தவிர ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

மறுநாளிலிருந்து என் கால் பிரேக்கை விட்டு எழவில்லை. காகம் பறந்தாலும் மிதித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு நின்ற வண்டியெல்லாம் ஒரு குழந்தையை ஒளித்துவைத்திருந்தது. மாணவர்கள் எனக்கு 'பிரேக் சார்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு போன் அடித்தாலே, யாரோ ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. அணைத்துவைத்தேன். பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்தது அக்கா, உன் காசு வீண். கடைசியில் படுத்துக்கொண்டேன். படுக்கைக்குக் குறுக்கே யாரும் ஓடிவர மாட்டார்கள்.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மனச்சோர்வு என்றால் லீவு கொடுப்பார்கள், பாவம் என்பார்கள். கார் ஓட்டச் சொல்லித்தருகிறவன் காருக்குப் பயப்படுகிறான் என்றால் என்ன சொல்வார்கள்? வேலை போய்விடும். எனக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. அதனால் இவள் பேசப் பேச நான் சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது. இப்போது பார்த்தால் மாத்திரை மட்டும் உள்ளே போகிறது, பயம் வெளியே வரவில்லை.

இவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

தம்பி


மே 9

என் அன்புத் தம்பிக்கு,

இருவரும் சுகம். உன் கடிதத்தைக் கவுண்டரிலேயே பிரித்துவிட்டேன். நடுவில் அழுதேன். குடை தேடி வந்தவர் பயந்துபோய், "பரவாயில்லம்மா, பழைய குடைதான்" என்று ஆறுதல் சொன்னார்.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறாய். நடந்ததடா. ஒரு குழந்தை பிழைத்தது. அதைக் காப்பாற்றியது நீ. ஆனால் உன் கால் மட்டும் இன்னும் அந்தத் தெருவிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் சோறு மட்டுமில்லை, உன் சந்தோஷமும்கூட என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் உன் முதலாளி இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? தனியாகப் போ. ரேடியோ கட்டாயம் கூட வருவாள், வரட்டும், கதவுக்கு வெளியே உட்காரச் சொல். வாயில் வார்த்தை வராவிட்டால் காலையாவது காட்டு.

உன் மனைவியிடம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொல். அவள் ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள் என்று பயப்படாதே. அவளுக்கும் வாயை மூடத் தெரியும் என்று நினைக்கிறேன். பார்த்ததில்லை.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, கிட்டத்தட்ட உண்மை.

போனேன். இவளை வெளியே உட்காரவைத்தேன். கதவு மூடிய பிறகும் பக்கத்து ஆளின் மூட்டுவலிக்கு அவள் யோசனை சொல்வது கேட்டது, அது எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும், "எனக்குச் சோகம் இல்ல டாக்டர், பயம்" என்றேன். பிறகு மடை திறந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது. பேசும்போதே கால் மிதித்தது, அதையும் காட்டினேன்.

டாக்டர், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"என்னைக் கேட்டீங்க, பதில் வேற இடத்துலேர்ந்து வந்துச்சு" என்றேன்.

சிரித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தப்புதான். நான் உங்க முகத்தைப் பாத்திருக்கணும், பேப்பரைப் பாத்துட்டேன்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். இது பதற்ற நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படுத்துக் கிடப்பது, சாப்பிடாதது, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் வெளியிலிருந்து இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலில் வந்தது பயம், படுக்கையிலேயே கிடந்ததால் பின்னாலேயே கொஞ்சம் சோர்வும் சேர்ந்திருக்கலாம். இன்னும் இரண்டு மூன்று முறை பேசிப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வாராம். மாத்திரையை மெல்ல மாற்றுகிறார். ஓர் ஆலோசகரிடமும் அனுப்பினார். அந்த அம்மா முதல் பாடமாக, நிறுத்திய காரில் தினமும் உட்கார்ந்து காபி குடிக்கச் சொல்லியிருக்கிறார். இவளுக்கும் எனக்கும் சண்டை, என்னைக் காருக்கு விரட்டிவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் பேச்சு.

வீடு திரும்பும் பஸ்ஸில் இவளிடம் சொன்னேன். அக்கா, இவள் இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் அன்றைய பெரிய பயம். வாசலுக்கு வந்த பிறகு, "இவ்ளோ நாள் தனியாவா பயந்துக்கிட்டிருந்தீங்க?" என்றாள். அவ்வளவுதான்.

முதலாளியம்மாவிடமும் சொன்னேன். "பயப்படாத வாத்தியாருங்களாலதான் எனக்கு பம்பர் பம்பரா செலவாகுது" என்றார். ஆனால் கணக்கும் பார்ப்பவர்தானே. ஆகஸ்ட் வரை என் இடத்தை வைத்திருப்பார். அதற்குள் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து கார் நகர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். நேற்று நீயே போனை எடுத்ததும் எனக்குப் பேச்சு மறந்துவிட்டது. வானிலையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் கேட்க நினைத்ததை இங்கே கேட்கிறேன்.

மணி அடித்தபோது நெஞ்சு எப்படி இருந்தது?

காரில் காபி முடிந்து அடுத்து என்ன பாடம்?

ரேடியோவிடம் இன்னும் வருத்தமா உனக்கு?

ஆகஸ்டுக்குள் முடியுமா?

கை அரிக்கிறது. ஆனாலும் ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை, கவனித்தாயா?

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். உன் கேள்விகளுக்கு வரிசையாக: திக்கென்றது, ஆனாலும் எடுத்தேன். அடுத்த பாடம் காலி மைதானத்தில் வட்டமடிப்பது, அதுவும் முடிந்தது. இவளிடம் வருத்தம் எப்போதுமே இல்லை. கடைசிக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

ஜூலையில் முதல் முறையாக ஒரு மாணவரோடு ரோட்டுக்குப் போனேன். தோற்றேன். தெருவில் நடந்து போனவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். "சார், நான் நடந்தே வந்திருப்பேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு மறுபடி போர்வையைத் தேடினேன், மறைக்க மாட்டேன். ஆலோசகர் அம்மா, "பயம் போன பிறகு ஓட்டலாம்னு காத்திருக்காதீங்க, பயத்தையும் பின்சீட்ல ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். சொல்வது சுலபம்.

இவள்தான், "எனக்குக் கத்துக்குடுங்க" என்றாள். ஊரார் பிள்ளைக்கே இப்படிப் பயந்தவன், உலகத்தில் எனக்கு மிகவும் வேண்டியவள் ஸ்டீரிங்கைப் பிடித்தால் என்ன ஆவேன்? ஆனாலும் முதலாளியம்மாவிடம் இரண்டு பிரேக் உள்ள பயிற்சிக் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். முதல் வாரம் இண்டிகேட்டரைப் போடுகிறேன் என்று வைப்பரைப் போட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பது போல, "ரோடே சரியில்ல" என்றாள். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒருநாளும் குறை சொல்லவில்லை.

நேற்று முதலாளியம்மாவிடம் போய், திங்கட்கிழமையிலிருந்து மாணவர்களை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அவ்வளவு தைரியம் என்றால், அதற்கு முன்தினம் நடந்ததைச் சொல்கிறேன்.

கடைத்தெரு. இரண்டு பக்கமும் வண்டிகள் நெருக்கி நிற்கின்றன. இவள் எதிர்வீட்டுக்காரர்கள் போட்ட புதுத் திரைச்சீலையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டுகிறாள். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து சின்னப் பெண் ஒருத்தி கையில் பலூனோடு இறங்கிவிட்டாள். பார்த்தேன். கால் பிரேக்கின் மேல் போய்விட்டது. இவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. கால் மேலேயே இருந்தது, நடுங்கியது. அழுத்தவில்லை.

கார் மெதுவாக வந்து நின்றது. குழந்தை தாண்டிப் போனது. பலூன் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது.

"யாரு பிரேக் போட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான். பின்ன யாரு?" என்றாள். சொல்லிவிட்டு, திரைச்சீலைக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அன்புடன்,
தம்பி